தாய்மாமன் கரடியும் தலையாட்டும் ஓணானும்

மூங்கில்காட்டில் மொக்கராசு என்று ஒரு கரடி இருந்தான். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. புத்தி இருந்ததா என்பதைக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

வனக்காவலர் ஒருவர் பாறையடியில் போட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள் அது. மொக்கராசு அதைத் தூக்கி வந்து, வளைந்த மட்கார்டை நிமிர்த்தி, இலுப்பை எண்ணெய் விட்டு ஓடவைத்தான். அந்தக் காட்டில் வேறு யாரிடமும் சைக்கிள் கிடையாது. அதனால் அவனுக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது. நடந்து போகிறவர்களைக் கண்டால் காரணமே இல்லாமல் பெல் அடிப்பான்.

ஆனால் சைக்கிள்மேல் ஒரு சொட்டு மழை பட்டாலும் அவனுக்குத் தாங்காது. "செயின் துருப்பிடிச்சிரும்!" என்று அலறுவான். ஆகவே வண்டியை வெளியே எடுக்கும் முன்னால் மழை வருமா, வராதா என்று கேட்டுக்கொள்வான்.

யாரிடம் கேட்பான்? ஓர் ஓணானிடம்!

பட்டுப்போன வேங்கைமரத்தின் உச்சியில் அந்த ஓணான் குடியிருந்தது. ஒரு கோடைநாளில் அது சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தபோது, "மழை வருமா?" என்று யாரோ கேட்டார்கள். தலை ஆடியது. அன்றைக்கென்று மழையும் கொட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அன்றுமுதல் அது 'வானிலை ஐயா' ஆகிவிட்டது. கேட்க வருகிறவர்கள் ஒரு பிடி கரையான் கொண்டுவர வேண்டும். உட்கார்ந்த இடத்தில் தின்று தின்று ஐயாவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

ஒருநாள் ஒரு மைனா சேதி கொண்டுவந்தது.

"மொக்கராசு அண்ணே! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்க தங்கச்சி பேச்சியம்மா சொல்லிவிட்டுச்சு. வர்ற பௌர்ணமி அன்னைக்குக் காலையில மருமகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான் பிள்ளையை உக்கார வைக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள வந்து சேரணுமாம்!"

மொக்கராசுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரே தங்கை. அவளுக்கு ஒரே குட்டி. பெயர் மாயக்கா. அவன் இன்னும் அதன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அவன் மனைவி ஒச்சம்மா அன்றே ஒரு பெரிய தேனடையைத் தேக்கிலையில் சுற்றிச் சீர் கட்டிவிட்டாள்.

"பௌர்ணமிக்கு அஞ்சு நாள் இருக்கு. நடந்தா ரெண்டு நாள். காலையில கிளம்பிருவோமா?" என்றாள்.

"நடக்கிறதா! நானா!" என்றான் மொக்கராசு. "தாய்மாமன் சைக்கிள்ல பெல் அடிச்சிக்கிட்டுப் போய் இறங்கினாத்தானே ஊரு வாயைப் பொளக்கும்? அரை நாள்ல போயிரலாம். நல்ல நாளாப் பார்த்துக் கிளம்புவோம்."

மறுநாள் காலையில் கரையானோடு வேங்கைமரத்தடிக்குப் போனான்.

"ஐயா! இன்னைக்குச் சைக்கிள் எடுக்கலாமா?"

ஓணான் கரையானை ஒரு பார்வை பார்த்தது. வானத்தை ஒரு பார்வை பார்த்தது. "எடுக்காதே. பெருமழை!" என்றது.

மொக்கராசு குகைக்கு ஓடினான். சைக்கிளை உள்ளே தள்ளினான். வாசலை இலைதழையால் அடைத்துவிட்டு உட்கார்ந்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது! ஓடையில் தவளைகள் நிழல் தேடி அலைந்தன. பொழுது சாய்ந்ததும் மொக்கராசு மரத்தடிக்கு வந்தான்.

"ஐயா, மழையே பெய்யலையே?"

"யார் சொன்னது?" என்றது ஓணான். "பெய்தது! மேலே பெய்தது. கீழே வருவதற்குள் காற்று குடித்துவிட்டது. உச்சியில் இருக்கிற எனக்குத் தெரியும். தரையில் இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்?"

மொக்கராசு வாய் பிளந்தான். "எவ்வளவு நுணுக்கமாச் சொல்றாரு!" என்று வியந்துகொண்டே வீடு திரும்பினான்.

அடுத்த நாள் ஓணான், "இன்று சொட்டு மழைகூடக் கிடையாது. தைரியமாகப் போ!" என்றது.

மொக்கராசு தேனடையைக் கேரியரில் கட்டினான். ஒச்சம்மாவை முன்னால் பாரில் ஏற்றிக்கொண்டான். பெடலை மிதித்தான். ஓடையைத் தாண்டுவதற்குள் மேகம் கறுத்தது. களிமண் தடத்துக்கு வருவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சேறு மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துக்கொண்டது. சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

"வண்டியை இங்கேயே ஒரு புதர்ல போட்டுட்டு நடப்போம்," என்றாள் ஒச்சம்மா. "நாளைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்துரலாம்."

"என் சைக்கிளையா? புதர்லயா?"

மொக்கராசு சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தவழியே திரும்பி நடந்தான். வழியெல்லாம் குரங்குகள் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "சைக்கிள்ல கரடி போய்ப் பார்த்திருக்கோம். கரடிமேல சைக்கிள் போறதை இன்னைக்குத்தான் பார்க்கிறோம்!"

அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. நேரே வேங்கைமரத்துக்குப் போனான்.

"ஐயா! நனைஞ்சு நாறிப் போயிட்டேன்!"

ஓணானுக்கு இமைகூட ஆடவில்லை. "நீ நின்று கேட்டது எங்கே? இந்த மரத்தடியில். இந்த மரத்தடியில் மழை பெய்ததா? இல்லை. நீ போனது ஓடைக்கு அந்தப் பக்கம். அது வேறு வட்டாரம். கேட்காத வட்டாரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

மொக்கராசு யோசித்தான். மரத்தடி மண் காய்ந்துதான் இருந்தது. "ஆமா! தப்பு என் பேருலதான்," என்று தலையைத் தொங்கப் போட்டான்.

ஒச்சம்மாவுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் புருஷனை இழுத்துக்கொண்டு அவளே மரத்தடிக்கு வந்தாள்.

"ஏம்ப்பா ஓணானு! இன்னைக்கு மழை வருமா?"

ஓணான் தலையாட்டியது.

"வராதா?"

அதற்கும் தலையாட்டியது.

"சொன்னதையெல்லாம் வாய்க்கு வந்தபடிதானே சொன்ன?"

தலை ஆடியது.

"நீ ஒரு புளுகன்தானே?"

அரைத்தூக்கத்தில் இருந்த ஓணான் அதற்கும் இரண்டு முறை தலையாட்டிவிட்டுப் பிறகுதான் திடுக்கிட்டு விழித்தது.

"பார்த்தீங்களா?" என்று ஒச்சம்மா திரும்பினாள்.

மொக்கராசு கண்கலங்கி நின்றான். "பார்த்தேன் ஒச்சம்மா! எவ்வளவு பெரிய படிப்பாளி! எவ்வளவு தன்னடக்கம்!"

ஒச்சம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டவனைக்கூட ஒரு கணக்குல சேர்த்துக்கலாம். உங்களை எதுல சேர்க்கிறது? சீரை நான் தூக்கிட்டு நடக்கிறேன். மாமனை யாரு தூக்கிட்டுப் போறது?"

"நீ முன்னாடி போ. நான் சைக்கிள்ல வந்து உன்னை முந்திருவேன்!"

அந்த நேரம் கொம்பையன் என்ற எருமை அந்தப் பக்கமாக வந்தான். மலைக்கு அப்பால் புல் பச்சை பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பியவன் அவன். முதுகெல்லாம் நேற்றைய சேறு. ஒச்சம்மா தேனடையை அவன் முதுகில் ஏற்றினாள்.

"வழியில மழை வந்தா என்ன பண்ணுவ கொம்பையா?" என்று மொக்கராசு கிண்டலாகக் கேட்டான்.

"நனைவேன்," என்றான் கொம்பையன்.

இருவரும் நடந்து மறைந்தார்கள். மொக்கராசு அன்று முழுவதும் செயினிலிருந்து சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த நாள் காற்று இதமாக இருந்தது. தடமும் காய்ந்திருந்தது. சைக்கிளுக்கென்றே செய்த நாள்! மொக்கராசு வண்டியைத் துடைத்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று மரத்தடிக்கு வந்தான். அண்ணாந்து பார்த்தான். ஓணானின் கழுத்து ரத்தமாகச் சிவந்திருந்தது!

"ஐயா! இது என்னய்யா சிவப்பு?"

பக்கத்துக் கிளையில் ஒரு பெண் ஓணான் வந்து உட்கார்ந்திருந்தது. பெண்ணைக் கண்டால் ஓணான் கழுத்து சிவக்கும். அது காடே அறிந்த சங்கதி. ஆனால் ஐயா அதைச் சொல்வாரா?

"சிவப்பு எச்சரிக்கை!" என்று தொண்டையைச் செருமியது ஓணான். "புயல், இடி, மின்னல்! ஓடு! இங்கே நிற்காதே!"

மொக்கராசு ஓடினான். சைக்கிளைத் தேக்கிலையில் சுற்றி, கொடியால் கட்டி, அதன்மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டான். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. மாலையில் நிலா வெள்ளித்தட்டு மாதிரி ஏறி வந்தது. அதன் வெளிச்சத்திலாவது கிளம்பியிருக்கலாம். "புயல் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் அமைதியா இருக்கும்," என்று மொக்கராசு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பௌர்ணமி விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்போதே மிதித்திருந்தால்கூட முகூர்த்தத்தின் கடைசியையாவது பிடித்திருக்கலாம். ஆனால் அவன் எங்கே போனான்? மரத்தடிக்கு!

ஓணானுக்கோ உடம்பில் வெயில் ஏறினால்தான் கண் திறக்கும். மொக்கராசு காத்திருந்தான். வெயில் அவன் முதுகில் அடித்தது. நீண்டிருந்த நிழல் பாதியாகச் சுருங்கியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே, வெயில் அடிக்குமா என்று கேட்பதற்காக அந்த வெயிலில் நின்றான்!

கடைசியில் ஓணான் ஒரு கண்ணைத் திறந்தது.

"ஐயா, போகலாமா?"

தலை ஆடியது.

மொக்கராசு பறந்தான். ஓடையைத் தாண்டினான். களிமண் தடத்தைத் தாண்டினான். மலைச்சரிவில் பெடல் தெறிக்க மிதித்தான். ஒரு சொட்டு மழை இல்லை. 'என் மடியில உக்காருவா. குத்துறப்ப அழுவா. கண்ணைப் பொத்திக்கணும்,' என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான். பொழுது உச்சி சாய்ந்த நேரத்தில் பேச்சியம்மாவின் குகை தெரிந்தது. விடாமல் பெல் அடித்தான்.

யாரும் ஓடி வரவில்லை.

பந்தல் போட்டிருந்தார்கள். கீழே எச்சில் இலைகள் கிடந்தன. காது குத்திய முள்ளம்பன்றி ஆசாரி தன் முட்களைச் சிலிர்த்து ஒழுங்குபடுத்திக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. நடுவில் கொம்பையன் படுத்திருந்தான். எருமைக்கு மடி ஏது? மடக்கிய முன்னங்காலின் இடுக்கில்தான் மாயக்காவை உட்கார வைத்திருந்தார்கள். காது இரண்டும் சிவந்திருக்க, குட்டி தேன் நக்கிக்கொண்டு அவன் கொம்பைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. ஒச்சம்மா புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சியம்மா எழுந்து வந்தாள்.

"வழியில மழைங்களா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து "வாண்ணே, போண்ணே" என்றே பேசியவள் அவள்.

"இல்ல பேச்சி... மழை வரும்னு சொன்னாங்க..."

"வந்துச்சுங்களா?"

"வரல."

அவள் ஓர் இலையை விரித்தாள். "உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

மாயக்கா கீழே இறங்கி வந்து பார்த்தது. "யாரும்மா இது?"

"சைக்கிள்காரரு," என்றாள் பேச்சியம்மா. "நீ மாமாகிட்ட போய் விளையாடு." குட்டி உருண்டு போய் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மொக்கராசு இலையில் வைத்ததைத் தொடாமல் எழுந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். ஒச்சம்மா உடன் வரவில்லை. "பிள்ளைக்குக் காது ஆறட்டும். வர்றேன்," என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் அவன் வேங்கைமரத்தடியில் நின்று கத்தினான். "ஏய் ஓணானே! புயல்னு சொன்னியே! எங்கே புயல்? உன்னால என் தங்கச்சி போச்சு! என் மருமக என்னை யாருன்னு கேக்குறா!"

காட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கு ஓணானுக்குக் கேடுகாலம் என்றே நினைத்தார்கள்.

ஓணான் பொறுமையாகக் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னது: "முட்டாளே! நான் சிவப்பு எச்சரிக்கை விட்டேன். அதைப் பார்த்துப் பயந்துதான் புயல் வேறு பக்கம் ஓடிவிட்டது. நான் மட்டும் விடாமல் இருந்திருந்தால்? உன்னை அடித்துக்கொண்டு போயிருக்கும். சைக்கிளும் போயிருக்கும். தங்கை கோபிக்கிறாள் என்கிறாய். கோபித்துக்கொள்ள ஓர் அண்ணன் உயிரோடு இருக்கிறானே, யாரால்?"

மொக்கராசின் தூக்கிய கை அப்படியே நின்றது. நெஞ்சில் இருந்த பாரம் கடகடவென்று இறங்கியது. அப்படியானால் தப்பு அவன் பேரில் இல்லை! தங்கைக்குத்தான் விவரம் போதவில்லை!

"ஐயா! தெரியாமப் பேசிட்டேன்!" என்று கும்பிட்டான். ஓடிப்போய்ப் புற்றைத் தோண்டி, இரண்டு கை நிறையக் கரையான் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டினான்.

பொய்த்துப்போன வாக்குக்குச் சொல்லும் சாக்கையும் வாய் பிளந்து கேட்பவனுக்கு, எத்தனை வெயில் அடித்தாலும் நல்ல நாள் விடியாது.