பென்டாவின் தலை ஜாடி

போர்ச்சுகல் நாட்டில், கடலுக்குப் பக்கத்து ஊரொன்றில் பால்தசார் என்ற கலைஞர் இருந்தார். மந்திரிகளைக் கேலிச்சித்திரமாக வரைவார். அதோடு விடமாட்டார். அதே முகங்களைக் களிமண்ணில் ஜாடியாகச் செய்து சுட்டு விற்பார். மந்திரியின் வாய் வழியாக ஒயின் ஊற்றிக் குடிப்பதில் ஊருக்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் போலீஸ் வந்தது. கடைக்கே போகாத புது ஜாடிகளைச் சூளை வாசலிலேயே உடைத்துப் போட்டது. பட்டறைக்குள் யாரோதான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

சீடன் ஜெர்வாசியோ நாற்பதைத் தாண்டியவன். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறையில் யார் தும்மினாலும் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அவன் சந்தேகம், வண்ணம் பூசும் பென்டாமேல் போய் நின்றது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"பென்டாதான் ஐயா. அவளை அனுப்பிடுங்க."

"அவ போலீஸ்கிட்ட சொன்னதைப் பார்த்தியா?"

"பார்க்கணுமா? நான் உள்ளே வந்தா பேச்சை நிறுத்திடறா. அந்தத் திருட்டு முழி ஒண்ணு போதாதா?"

பால்தசார் ஒரு களிமண் உருண்டையை அவன் முன்னால் வைத்தார்.

"அந்த முழியோட அவ தலையை ஜாடியா செய். பார்க்கிறவங்க பென்டான்னு சொன்னா, அன்னிக்கே அனுப்பிடறேன்."

ஜெர்வாசியோ வெறியோடு செய்தான். அவள் கட்டும் தலைத்துணி, அவள் போடும் காது வளையம், இடுங்கிய கண், கோணல் உதடு. பென்டாதான் அதற்கும் வண்ணம் பூசினாள். யாருடைய தலை என்று கேட்கவில்லை. கேட்காததும் அவனுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஜாடி கடை வாசலுக்கு வந்தது. மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன ஜெர்வாசியோ, பொம்பளை மாதிரி துணி கட்டிக்கிட்டா நீன்னு தெரியாதா?"

ரொட்டிக்காரனும் அதையே சொன்னான். பாதிரியார் ஜாடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே நடந்தார்.

ஜெர்வாசியோவுக்கு அவமானமாக இருந்தது. ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"செஞ்ச விதத்துல தப்பு ஐயா. முகபாவம் வேணும்னா நாமளே அப்படி முழிச்சு, கண்ணாடியைப் பார்த்துத்தானே செய்வோம்? அதான் என் சாடை விழுந்துடுச்சு."

பால்தசார் ஜாடியை வாங்கி மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"பென்டா உனக்கு எதிர் பலகையிலதானே உட்கார்ந்திருந்தா. அவகிட்ட அந்த முழி இருந்திருந்தா, கண்ணாடி எதுக்கு?"