கருப்பாயி இருந்த பத்தியம்

மூங்கில்காட்டுக் கரடி கருப்பாயிக்கு இலுப்பைப் பூ காலத்தில் உடம்பு போட்டுவிட்டது. இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு குளத்து மேட்டில் ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மரநாய் சிங்காரம் கிளையிலிருந்து இறங்கி வந்தான். தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். யார் அவனுக்குப் பட்டம் கொடுத்தார்களோ!

"பத்தியம் இரு, கருப்பாயி! மூங்கில் அரிசியும் கீரையும் மட்டும் தின்னு. ஒவ்வொரு வாயையும் தண்ணியா ஆகுறவரைக்கும் மெல்லு. பழம், கரையான், தேன் எல்லாம் விஷம்!"

"தேனுமா?" என்றாள் கருப்பாயி.

"அதுதான் முதல் எதிரி! நான் அதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு!"

கருப்பாயி மென்றாள், மென்றாள், தாடை கழன்றுவிடும்போல மென்றாள். உடம்பு இளைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாலும் வற்றிப்போனது. சின்னக் குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுச் சிணுங்கியது. முதுகைப் பற்றிக்கொள்ளவும் தெம்பில்லாமல் ஒருநாள் சரிந்து விழுந்தது. கருப்பாயி சிங்காரத்திடம் ஓடினாள்.

"பால் வத்திப்போச்சே, வைத்தியரே!"

"கெட்டதெல்லாம் வெளியேறுது! இன்னும் நல்லா மெல்லு!"

சொல்லும்போதே அவன் மீசையில் ஏதோ மினுங்கியது. கருப்பாயி மூக்கை உறிஞ்சினாள். தேன் வாசனை! சேச்சே, பட்டினி கிடக்கிறவளுக்கு எல்லாமே தேனாகத்தான் மணக்கும் என்று மனசை அடக்கினாள். அடங்கவில்லை. நான் இளைக்க இளைக்க இவனுக்கு மட்டும் எப்படித் தொந்தி விழுகிறது? தான் வழக்கமாகத் தின்கிற அத்திமரத்துத் தேனடையைப் போய்ப் பார்த்தாள். காலி! குரங்குகள்கூட நக்கியிருக்கலாம். யாரைக் கேட்பது?

மறுநாள் ஒன்றும் தெரியாதவள்போலப் பேச்சுக் கொடுத்தாள்.

"பாறைப் பொந்துல ஒரு பெரிய கூடு எனக்குன்னு வெச்சிருந்தேன், வைத்தியரே. அதையும் விட்டுட்டேன்!"

"சபாஷ்! அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே!"

பொந்தில் இருந்தது குளவிக்கூடு.

பொழுது சாய்வதற்குள் சிங்காரம் அலறியடித்துக்கொண்டு வந்து குளத்தில் விழுந்தான். கண் இருக்கிற இடம் தெரியாமல் முகம் வீங்கிக் கிடந்தது.

"என்னாச்சு, வைத்தியரே?"

"மூ... மூங்கில் அரிசி ஒத்துக்கலை!"

"அச்சச்சோ! சரியா மெல்லலையோ?"

கேட்டுவிட்டுச் சிரித்தவளுக்கு அடுத்த நொடியே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி! என் பிள்ளை வாயில விழவேண்டியதையா வழிச்சுத் தின்னே?" என்று உறுமினாள். சிங்காரம் ஈரத்தோடு ஓடினவன்தான், அப்புறம் அந்தக் காட்டுப் பக்கமே வரவில்லை.

கருப்பாயி நேரே கரையான் புற்றுக்குப் போய் மூக்கை நுழைத்தாள். வயிறு முட்டத் தின்றாள். சில நாளில் மடியில் பால் சுரந்தது. சின்னக் குட்டி குடித்துக்கொண்டே தூங்கிப்போனது.

"இது உனக்கு ஆகாது, விட்டுவிடு" என்று யாராவது சொன்னால், நாம் விட்டது யார் வாய்க்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.