நாற்பது முழக் கடல்

சவேரியாள் டீச்சருக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் நாடகம் கற்க வந்த கஸ்பாருக்கு அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற தபால்காரர். வகுப்பில் இதற்கு யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் இருந்ததே அவர் ஒருவர்தான்.

அந்த ஊருக்குள் கடல் வந்துபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இறந்தவர்களின் நினைவு நாளில் ஒரு நாடகம் போட வேண்டும் என்று கஸ்பாருக்கு ஆசை. உலகம் அழியும் நாடகம்.

ஒத்திகை வலைக் கொட்டகையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் ஊரே பாதித் தூக்கத்தில் இருக்கும். தொங்கும் வலைகளின் நிழல் தரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். வெளியே கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

ஊர்ப் பெண்கள் கொடுத்த நீலச் சேலைகளை ஒன்றோடொன்று தைத்து, நாற்பது முழத்துக்குக் கடல் செய்திருந்தார் கஸ்பார். இடிக்குத் தகரம் வைத்திருந்தார். மேளம் மட்டும் ஏழு. கடைசிக் காட்சியில் எட்டுப் பேர் அந்தக் கடலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஒத்திகை பார்க்க வந்தவர்களில் ஒருவரும் அழவில்லை. "எங்கம்மா சேலை!" என்று ஒரு சிறுமி கத்தினாள். கொட்டகையே சிரித்தது. கஸ்பாருக்கு முகம் செத்துப்போயிற்று.

"டீச்சர், உலகம் அழியறத எப்படித்தான் எழுதணும்?"

"ரொசாரி ஏன் தினமும் பாதியில எழுந்து போறா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதான் எனக்கும் புரியல. கடல் வர்றதுக்கு முன்னாலயே போயிடுறா. கடல் கொண்டுபோன அவ புருஷனையும் மனசுல வச்சுத்தான் எழுதினேன். அவளே பாக்கலன்னா இந்த நாடகம் எதுக்கு?"

"நாளைக்கு அவ பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி."

"நான் மேளத்துக்குக் கை காட்டணுமே."

"மேளம் தானா அடிக்கும்."

மறுநாள் அவர் ரொசாரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் காட்சி தொடங்கியது. ஜனங்கள் இடம் பிடித்து உட்காரும் வரை ஓடட்டும் என்று அவர் போகிறபோக்கில் எழுதிய காட்சி அது. புருஷன் சாப்பிட உட்காருவான். மனைவி வெறும் சட்டியிலிருந்து வெறும் தட்டில் சோறு போடுவாள். கரையிலிருந்து யாரோ கூப்பிடுவார்கள். பாதியில் எழுந்து ஓடுவான்.

"குழம்புல புளி கூடிப்போச்சு" என்றான் மேடையில் இருந்தவன்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் ரொசாரி, மிக மெதுவாக. அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்படி அவள் சிரித்து கஸ்பார் பார்த்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

கரையிலிருந்து குரல் வந்தது. மேடையில் இருந்தவன் எழுந்தான்.

"இருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

மேடையில் இருந்த மனைவிக்கு அப்படி வசனம் கிடையாது. சொன்னது ரொசாரி.

அவன் போய்விட்டான். ரொசாரியும் எழுந்து வெளியே நடந்தாள். கஸ்பார் பின்னாலேயே போனார்.

"கடல் வர்றதப் பாக்கலியா ரொசாரி?"

"அத நான் பாத்துட்டேன் அண்ணாச்சி."

அவள் குரலில் கோபம் இல்லை. கொஞ்ச தூரம் மணலில் நடந்தாள், பிறகு நின்றாள்.

"இவரு தினமும் வந்து சாப்பிட உக்காருறாரு. அதுக்குத்தான் வர்றேன். ஆனா தினமும் பாதியிலயே எழுந்து போயிடுறாரு."

அவள் போய்விட்டாள். வெயிலில் அவள் உருவம் கரைந்து மறையும் வரை கஸ்பார் அங்கேயே நின்றார்.

கடல் ஊருக்குள் வந்த அன்று அவர் அதைப் பார்க்கவே இல்லை. எட்டு மைல் தள்ளி, கால் நனையாமல், யார் வீட்டிலோ தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது பையில் மிச்சமிருந்த கடிதங்களை வாங்கப் பாதி வீடுகளில் ஆள் இல்லை. அந்த வெட்கத்தில்தான் அவர் நாற்பது முழம் தைத்தார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

கொட்டகைக்குள் மேளம் உச்சத்தில் இருந்தது. எட்டுப் பேரும் கடலோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கஸ்பார் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. துணியை விட்டுவிட்டார்கள். காற்று அதைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்திருந்துவிட்டு, ஓசையில்லாமல் தரையில் இறக்கியது. ஒவ்வொரு சேலையும் யாருடையது என்று அவரால் சொல்ல முடியும்.

"டீச்சர், இந்தக் கடல என்ன செய்யட்டும்? இன்னும் பெருசாக்கவா, எடுத்துடவா?"

டீச்சர் மேடைக்குப் போய், முதல் காட்சியின் தட்டை எடுத்து வந்தார். அதை அவர் கையில் கொடுத்தார்.

"இதுல நெசச் சோறு போடுங்க அண்ணாச்சி. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும் கடல் வெளியில நிக்கட்டும்."