ஓடக்காரி குமுதவல்லியின் கல்லான கால்கள்

முன்னொரு காலத்திலே, மிருகமும் மனுஷரும் ஒரே பாஷை பேசிய நாளிலே, மகிழபுரி என்றொரு ராஜ்ஜியம். அங்கே ஆற்றில் ஓடம் விட்டவள் குமுதவல்லி.

ஓர் ஐப்பசியில் திடீர் வெள்ளம் அவள் ஓடத்தைக் கவிழ்த்தது. கூட வந்த தம்பி வேலப்பனை ஆறு கொண்டுபோனது. அவள் மட்டும் கரை ஒதுங்கினாள்.

தம்பியை இழந்த நெஞ்சு வலி தாங்காமல் மலைக்குகை மந்திரவாதியிடம் போனாள். அவன் ஒரு சிட்டிகைச் சாம்பலை அவள்மேல் ஊதினான்.

"அந்த நாளைப் பற்றி வாய் திறக்காதே. திறக்காத வரைக்கும் வலிக்காது" என்றான்.

வலிக்கவில்லைதான். அழுகையும் வரவில்லை. மழைச் சத்தம் கேட்டாள், பாதம் கல்லானது. அம்மா குடத்தில் நீர் ஊற்றினாள், முழங்கால் கல்லானது. வாய்க்காலில் வெள்ளம் சலசலத்தது, இடுப்பு கல்லானது. அடுத்தது நெஞ்சு. அரண்மனை வைத்தியரும் கையை விரித்துவிட்டார்.

ஒருநாள் அம்மா கொல்லையில் மீன் கழுவ, வாசம் பிடித்து ஒரு நீர்நாய் வந்தது. அங்கே நின்ற குமுதவல்லியைச் சுற்றி வந்து பார்த்தது.

"என்னம்மா நடந்தது?"

"சொல்லக் கூடாது."

"சொல்லாததுதான் கல்லாகிறது. முடிந்த மட்டும் சொல். போதும் என்றால் நிறுத்து. நான் இங்கேயே இருப்பேன்."

முதல் நாள், மேகம் கறுத்ததைச் சொன்னாள். உடம்பு வெடவெடத்தது.

"என் முதுகில் கை வை. ரோமம் ஈரமாக இருக்கிறதா? இது இன்றைக்கு. அது அன்றைக்கு" என்றது நீர்நாய். நடுக்கம் அடங்கியது. இடுப்பு இளகியது.

மறுமுறை, ஓடம் கவிழ்ந்ததைச் சொன்னாள். முழங்கால் இளகியது.

மூன்றாம் முறை, தம்பியைப் பற்றிச் சொல்ல வந்தாள். நீர்நாய் அவசரப்படுத்தவில்லை.

"அவன் கையைப் பிடித்திருந்தேன். விட்டுவிட்டேன்" என்றாள் கடைசியில்.

"அதற்குச் சற்று முன்னால்?"

கண்ணை மூடினாள். "ஒரு மரம் மிதந்து வந்தது. என் தோளில் மோதியது. கை மரத்துப்போனது. விரல் தானாக..." நிறுத்தினாள். "நான் விடவில்லை" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் அழுதாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள் அம்மா.

"கடைசியாக என்னம்மா சொன்னான்?" என்று கேட்டாள் அம்மா.

"அக்கா என்றான்."

இருவரும் சேர்ந்து அழுதார்கள். பாதமும் இளகி, ரத்தம் ஓடியது. மந்திரம் உடைந்தது.

ஆனாலும் பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. சில நாள், கரையில் கயிற்றால் கட்டியிருந்த ஓடத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். நீர்நாய் பக்கத்தில் நீந்தியது. ஒரு காலையில் கயிற்றை அவளே அவிழ்த்தாள். அக்கரையில் காத்திருந்த ஜனங்கள் அவளைப் பார்த்துக் கை அசைத்தார்கள். தம்பியின் நினைவு வந்தது. ஆனாலும் துடுப்பு நிற்கவில்லை.

அவள் ஓடத்தில் ஏறியவரெல்லாம் சுகமாய்க் கரை சேர்ந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாய் இருங்கள்.