நிற்காமல் ஊதிய கொம்பு

அந்தக் காலத்தில், உடம்புக்குள் குடியிருந்த சின்னஞ்சிறு உயிர்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பெருங்குடலுக்குக் கனலன் என்பவன் காவலனாக இருந்தான். கிருமி வந்து சுவரைக் கடித்தால் கொம்பெடுத்து ஊதுவான். ஓசை கேட்ட இடம் சிவக்கும், வீங்கும், கொதிக்கும். கிருமி செத்து விழும். அதே ஓசையைக் கேட்டு மெழுகி என்பவள் வருவாள். இடிந்த இடத்தில் புதுச் செல்களைப் பிறப்பித்து, அடுக்கி, சுவரை எழுப்புவது அவள் வேலை. கொம்பு நின்றால் அவள் கையும் நின்றுவிடும்.

ஒருமுறை பெரிய காயம். கனலன் ஏழு நாள் போராடினான், மேலெல்லாம் ரணம். எட்டாம் நாள் குடல்வாசிகள் திரண்டு வந்தார்கள். அவனைத் தாண்டிப் போய், மெழுகி கட்டி முடித்திருந்த சுவரைத் தடவிப் பார்த்தார்கள்.

"மெழுகி கை பட்டால் வடுகூடத் தெரியாது!"

"இவன் வந்தாலே எரிச்சல்தான்" என்று ஒருத்தி முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது.

கனலனுக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்துப் பிழைத்தவன் நான், பேர் அவளுக்கா?

கிருமியே இல்லாத ஒரு காலையில் கொம்பை எடுத்து ஊதினான். மெழுகி ஓடி வந்தாள்.

"எங்கே அண்ணே காயம்?"

"காவல் என் வேலை. நீ வேலையைப் பார்."

பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை. வருஷங்கள் போயின. கொதிப்பில் நல்ல சுவரே புண்ணானது. ஓய்வின்றிக் கட்டியதில் அவள் அடுக்கு பிசகியது.

"போதும் அண்ணே. அவசரத்தில் பிறக்கிற பிள்ளைகள் என் பேச்சைக் கேட்பதில்லை" என்று கெஞ்சினாள்.

அவள் முகம் வாடியது அவனுக்கு இனித்தது. இன்னும் பலமாக ஊதினான்.

அப்படிப் பிசகிப் பிறந்த ஒரு செல் வரிசையில் நிற்க மறுத்தது. இரண்டானது, நான்கானது, கட்டியாகத் திரண்டது. குடல்வாசிகள் அலறினார்கள். கனலன் பாய்ந்து வந்தான். அவனுக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். ஊதினான். கட்டி ஒரு சுற்றுப் பெருத்தது.

"ஊது ராசா, ஊது!" என்றது கட்டி. "உன்னைப்போல் உண்டா? உன் சூட்டில்தானே நான் வளர்ந்தேன்!"

அவன் ஏங்கிக் கிடந்த புகழ்ச்சி அதன் வாயிலிருந்து வந்தது. கொம்பு கைநழுவி விழுந்தது. மெழுகியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த சுவரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். கொம்பு ஓய்ந்தும் கட்டி ஓயவில்லை.

அன்று முதல்தான், பெருங்குடலில் புண் ஆறாமல் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருந்தால், வலி விட்டுவிட்டது என்று நாம் சொன்னாலும் வைத்தியர்கள் நம்பாமல், கட்டி ஏதும் முளைத்திருக்கிறதா என்று குழாய் விட்டுத் தேடிப் பார்க்கிறார்கள்.