சந்தனம் பூசிய பட்டன்

ராஜா காலத்தில் டி.வி. ஏது என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இந்தக் கதையில் இருந்தது, அவ்வளவுதான்!

நெடுமரத்தூர் அரசர் சண்டப்பிரதாபரின் சபையில், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டி.வி. நின்றது. ரிமோட்டை மகாராணி ஏதோ சண்டையில் தாய்வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மிஞ்சியது பெட்டிக்குக் கீழே இருந்த ஒற்றைப் பட்டன். அதை அரசரின் விரலைத் தவிர வேறு விரல் தொடக் கூடாது என்று சட்டமே இருந்தது.

அன்று மாலை மல்யுத்த இறுதிப் போட்டி. நெடுமரத்தூர்ப் பயில்வான் பக்கத்து நாட்டுப் பயில்வானோடு மோதப்போகிறான். அரசர் ஆசையாகப் பட்டனை அழுத்தினார். விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டிய பட்டன் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. திரை கன்னங்கரேல் என்று இருந்தது.

"ஐயோ, போச்சே!" என்று அரசர் அலறினார்.

அமைச்சர் திருமேனிநாதருக்கு உள்ளூரக் குஷி. அரசவை விகடன் நல்லகுற்றாலத்தின் வேலை மீது அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அரசே, குற்றாலம்தான் எதற்கும் வழி சொல்வானே! போட்டி தொடங்குவதற்குள் சரிசெய்யட்டும். முடியாவிட்டால் அவன் வேலையை என் மைத்துனனுக்குக் கொடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்! குற்றாலம், பெட்டியைத் திறக்காதே. பட்டனைத் தொடாதே. சரிசெய்!"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. குற்றாலம் குனிந்து பட்டனைப் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மென்று விழுங்கினான்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜையன்று அமைச்சர் ஒரு பூக்காம்பால் பட்டனுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டார். அரசர் உச்சி குளிர்ந்து முத்துமாலை கொடுத்தார். மனிதர் விடுவாரா? அன்றிலிருந்து தினமும் பூஜை! பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். எல்லாம் சேர்ந்து பட்டனைச் சுற்றி சிமெண்டாக இறுகிவிட்டது.

"இந்தச் சந்தனத்தைச் சுரண்டினால் போதும், அரசே."

அமைச்சர் குதித்தார். "பூஜைச் சந்தனத்தைச் சுரண்டி எறிவதா? அபசாரம்! நாட்டுக்கே ஆகாது!"

அரசரும் பயந்துபோனார். "ஒரு பொட்டுகூட எறியக் கூடாது, குற்றாலம்!"

பயில்வான்கள் தொடை தட்டும் நேரம் நெருங்கிவிட்டது. மைத்துனன் வாசலில் புதுத் தலைப்பாகையோடு தயாராக நின்றான்.

"எறிவதா? சிவ சிவா!" என்று குற்றாலம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அரசே, கோயிலில் சாமிக்குச் சாத்திய சந்தனத்தை என்ன செய்வார்கள்?"

"பிரசாதமாகக் கொடுப்பார்கள்."

"இதுவும் பூஜைச் சந்தனம்தானே? அதுவும் தங்கள் விரல் பட்டது! தங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள். முதல் பிரசாதம் பூஜை செய்த அமைச்சருக்கு!"

அமைச்சர் நெற்றியை நீட்டினார். பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

குற்றாலம் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினான். அரசர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுக்கும் வெள்ளிக் குச்சியை எடுத்து நோண்டினார். பொலபொலவென்று தட்டில் உதிர்ந்தது. பன்னீரில் குழைத்தார்கள். அமைச்சரின் நெற்றியில் அப்பினார்கள். மிச்சமிருந்தது, கன்னத்தில் அப்பினார்கள். அப்புறமும் மிச்சமிருந்தது, வழுக்கைத் தலை எதற்கு இருக்கிறது? சபையே வரிசையில் நின்று கைநீட்டியது.

டக்! பட்டன் துள்ளி வெளியே வந்தது.

பிளக்கை மாட்டினார்கள். அரசர் அழுத்தினார். பளிச்சென்று திரையில் நெடுமரத்தூர்ப் பயில்வான் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான். சபை விசில் அடித்தது. மைத்துனன் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நழுவினான். அரசர் தம் மோதிரத்தைக் கழற்றிக் குற்றாலத்தின் விரலில் மாட்டினார்.

"அதெல்லாம் சரி, குற்றாலம். பழுது எங்கேதான் இருந்தது?"

"இருந்த இடம் எதற்கு, அரசே? இப்போது அமைச்சரின் நெற்றியில் இருக்கிறது!"