தகுதிக் குழு கண்ணைக் கட்டிக்கொண்டது

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கம்மா, எனக்கு ஜன்னல் தெரியுது" என்றார் குழுத் தலைவர் தாணுமூர்த்தி. சுலோச்சனா அவருடைய கண்கட்டை இறுக்கினார். அடுத்து ஜெபராஜ் சுலோச்சனாவுக்குக் கட்டினார். ஜெபராஜுக்கு யார் கட்டுவது என்று மூவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கடைசியில், எதிர் நாற்காலியில் இருந்த உச்சிமாகாளி எழுந்துவந்து கட்டிவிட்டார்.

உச்சிமாகாளிக்குக் கண் தெரியாது. அதற்காகத்தான் வந்திருந்தார்.

கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர். பார்வை போனதும் பட்டறையை மூட வேண்டியதாயிற்று. பார்க்காமலே காயில் சுற்ற இந்த மறுவாழ்வு மையத்தில் கற்றுத்தருகிறார்கள். ஓர் இடம் மிச்சமிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் தகுதிக் குழு அவரைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லையென்றால் மச்சானின் கருவாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்து பூனை விரட்ட வேண்டும். வீட்டில் அது பேசி முடிவாகியிருந்தது.

குழு நல்ல மனிதர்களால் ஆனது. தலைமை அலுவலகம் என்ன எழுதினாலும் அப்படியே செய்பவர்கள். இந்த முறை இப்படி எழுதியிருந்தது: தகுதி பார்ப்பவர்கள் அரை மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அதன் பிறகுதான் கேள்வி கேட்க வேண்டும். விண்ணப்பதாரர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

மூவரும் இருந்தார்கள். மின்விசிறி சுற்றியது.

"அரை மணி ஆயிருக்குமா?" என்றார் ஜெபராஜ்.

"கடிகாரத்தைப் பாருங்க."

"கண்ணைக் கட்டியிருக்கேனே சார்."

"நானும்தான்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஒருத்தர் மட்டும் அவிழ்த்துட்டுப் பார்த்தா என்ன?" என்றார் சுலோச்சனா.

"அரை மணி ஆகலைன்னா அவர் விதியை மீறினவர். முதல்லேருந்து கட்டிக்கிட்டு உட்காரணும்" என்றார் தலைவர்.

"அவருக்கு அரை மணி ஆச்சான்னு யார் பார்க்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

உச்சிமாகாளியின் கையில் மூடி திறக்கும் கடிகாரம் இருந்தது. திறந்து முள்ளைத் தடவினார். "சார், மணி இப்போ..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, கேட்டா மட்டும் பேசணும்" என்றார் ஜெபராஜ், அன்பாக.

உச்சிமாகாளி மூடியை மூடினார்.

வராந்தாவுக்குப் போய் யாரையாவது மணி கேட்பது என்று முடிவாயிற்று. தலைவரின் சட்டையை ஜெபராஜும், ஜெபராஜின் சட்டையைச் சுலோச்சனாவும் பிடித்துக்கொள்ள, மூவரும் சுவரோடு ஊர்ந்தார்கள். ஒரு கைப்பிடி அகப்பட்டது. தலைவர் அதைத் திருகி, இரும்பு அலமாரிக்குள் தலையை நீட்டினார்.

"யாராவது இருக்கீங்களா? மணி என்ன?"

பதில் இல்லை. பாச்சை உருண்டை வாசனை மட்டும் வந்தது.

"வராந்தாவில் ஒரு ஈ காக்கா இல்லை. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அப்போ அஞ்சு ஆயிருச்சு" என்றார்.

"அஞ்சு ஆனா அரை மணி தாண்டிருச்சே. கேள்வி கேட்கலாம்" என்றார் ஜெபராஜ்.

"அஞ்சு ஆனா ஆபீஸ் மூடியாச்சு. எப்படிக் கேட்க?" என்றார் சுலோச்சனா.

தலைவர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி பெருமூச்சு விட்டார். "அண்ணாச்சி, உங்களைத் தேர்வு செய்யணும்னுதான் எங்களுக்கும் ஆசை. இந்த மணி மட்டும் தெரிஞ்சா போதும். என்ன செய்ய, சொல்லுங்க?"

கேட்டுவிட்டார் அல்லவா, உச்சிமாகாளி சொன்னார்: "நாலே கால் சார். அரை மணி எப்பவோ முடிஞ்சுது. நீங்க பேசிக்கிட்டிருக்கிறது பீரோகிட்ட. இப்படித் திரும்பி என் குரலைப் பிடிச்சு வாங்க, நாற்காலிக்குப் போயிரலாம்."

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"இவருக்கு மணி தெரியுது" என்றார் ஜெபராஜ்.

"பீரோ தெரியுது" என்றார் சுலோச்சனா.

"எனக்குக் கட்டிவிட்டதே இவர்தான்."

"நம்ம மூணு பேருக்கும் என்ன தெரிஞ்சுது?" என்றார் தலைவர். "யாருக்கு உதவி தேவையோ அவருக்குத்தான் பயிற்சி. விதி தெளிவா இருக்கு. மன்னிக்கணும் அண்ணாச்சி, நீங்க தகுதியில்லை. நாங்கதான் தகுதி."

"சார், நான் காயில் சுத்தணும்" என்றார் உச்சிமாகாளி. "பூனை விரட்ட என்னால ஆகாது."

"புரியுது. கேட்டா மட்டும் பேசுங்க."

"சரி, கட்டை அவிழ்க்கலாமா?" என்றார் சுலோச்சனா.

"அவிழ்த்தா கண் தெரிஞ்சிரும். தகுதி போயிரும்" என்றார் தலைவர்.

"மூணு பேர் இருக்கோம். இடம் ஒண்ணுதானே?"

"தலைவர் போகட்டும். பீரோவுக்குள்ளே போனவர் அவர்தான்" என்றார் ஜெபராஜ் பெருந்தன்மையாக.

ஏகமனதாக முடிவாயிற்று. முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. மூன்று ஜோடிக் கைகள் மேசையில் துழாவின. தண்ணீர்ச் செம்பு உருண்டது. தலைவரின் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காம முத்திரையை எடுத்து நீங்களே குத்திருங்க."

"எதுல சார் குத்த?"

"மேசை மேல இருக்கிற விண்ணப்பத்துல."

மேசை மேல் ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் அதன் மூலையைத் தொட்டுப் பார்த்துத் திருப்பி வைத்தார். அழுத்திக் குத்தினார்.

"வாழ்த்துகள் சார்!" என்று ஜெபராஜ் எழுந்து சுலோச்சனாவின் கையைக் குலுக்கினார். சுலோச்சனா நன்றி சொன்னார். காயில் என்றால் என்ன என்று தலைவர் இருவரிடமும் விசாரித்தார்.

உச்சிமாகாளி காகிதத்தை ஊதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காய்ந்துவிடாமல் மை டப்பாவின் மூடியை மூடினார்.